எடுத்துச்செல்லும் மரப்பரண்கள்: வகைகளும் தேர்ந்தெடுக்கும் முறையும்

மரப்பரண் என்பது, வேட்டையாளர் தரையிலிருந்து சில மீட்டர் உயரத்தில் மரத்தை ஒட்டி அமர்ந்து காத்திருப்பதற்கான சிறு மேடை ஆகும். இதைக் கழற்றி, முதுகில் சுமந்து சென்று, வேறொரு மரத்தில் மாட்டிக்கொள்ள முடிந்தால் அது எடுத்துச்செல்லும் மரப்பரண் எனப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்கு இது பரவலாகப் பயன்படுகிறது. அங்கே இதன் பெயர் 'ட்ரீ ஸ்டாண்ட்'.

ஏணிப் பரண், தொங்கு பரண், ஏறு பரண், சேணம், முக்காலிப் பரண் என்பவை இதன் முக்கிய வகைகள். இவற்றில் எது சிறந்தது என்ற கேள்விக்கு ஒரே விடை கிடையாது. காட்டில் உள்ள மரம், நடக்க வேண்டிய தூரம், ஏறுபவரின் உடல்நிலை, நிலத்தின் உரிமையாளர் யார் என்பவற்றைப் பொறுத்து விடை மாறும். இவற்றோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கீழே விழும் ஆபத்து எல்லா வகையிலும் உண்டு. ஆனால் அது தலைகாட்டும் நேரம் வகைக்கு வகை வேறு. ஒன்றில் நிறுவும்போது, ஒன்றில் ஏறும்போது, மற்றொன்றில் மேடைக்குக் கால் மாற்றும்போது. ஐக்கிய அமெரிக்காவில் வேட்டைக்காரர்கள் காயமடைவதற்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று பரணிலிருந்து விழுவது. ஆகவே "எது வசதி?" என்று கேட்பவர், "இதில் நான் எப்போது விழக்கூடும்?" என்றும் கேட்டே தேர்வு செய்ய வேண்டும்.

பெயரும் பின்னணியும்

உயரத்தில் மேடை கட்டிக் காத்திருக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. குறிஞ்சி நிலத்துத் தினைப்புனத்தில் கிளிகளையும் விலங்குகளையும் விரட்டப் பரண் கட்டினர். சங்க இலக்கியம் இதை இதணம் என்று குறிக்கிறது. வள்ளி தினைப்புனம் காத்த கதையில் வரும் பரணும் இதுவே. தமிழில் பரண் என்றால் முதலில் காவல் மேடைதான்.

வட இந்தியாவில் வேட்டைப் பரணுக்கு மச்சான் என்று பெயர். மஞ்ச என்ற வடசொல்லிலிருந்து வந்த இந்தி வழக்கு இது. தமிழில் உறவுமுறையாக வழங்கும் மச்சானோடு இதற்குத் தொடர்பில்லை. ருத்ரபிரயாகையில் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் 1926இல் சுட்டது ஒரு மாமரத்தில் கட்டிய மச்சானில் இருந்துதான்.

இவையெல்லாம் கட்டையும் கயிறும் கொண்டு ஓரிடத்தில் நிலையாகக் கட்டப்பட்டவை. அமெரிக்காவிலும் தொடக்கத்தில் கிளைகளுக்கு இடையே பலகைகளை ஆணியடித்துத்தான் அமர்ந்தார்கள். பலகை மழையில் நனைந்து உளுத்துப்போகும், ஆணி துருப்பிடிக்கும், மரமும் காயப்படும். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகாலும் அலுமினியத்தாலும் செய்த, ஆணி தேவைப்படாத பரண்கள் சந்தைக்கு வந்து பரவின.

மரத்தின் மேல் ஏன்?

வெண்வால் மானுக்கு மோப்ப சக்தி மிகவும் கூர்மையானது. சிறு அசைவையும் அது கண்டுகொள்ளும். தரையில் நிற்கும் மனிதரின் வாடை காற்றோடு நேராக மானை நோக்கிச் செல்லும். உயரத்தில் இருந்தால் அந்த வாடை ஓரளவு மேலாகக் கடந்து போக வாய்ப்புண்டு. அசைவும் மானின் கண்மட்டத்திற்கு மேலே இருக்கும். புதர்களுக்கு அப்பாலும் பார்வை எட்டும்.

காற்றின் போக்கு நாள் முழுவதும் ஒன்றாக இருப்பதில்லை. காலை வெயிலில் தரை சூடாகும்போது காற்று சரிவில் மேல்நோக்கி ஏறுகிறது. மாலையில் குளிர்ந்த காற்று பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. காலைக்கு ஒரு மரம், மாலைக்கு ஒரு மரம் என்று வேட்டையாளர்கள் இடம் மாறுவது இதனால்தான். எடுத்துச்செல்லும் பரணுக்கு மதிப்பு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேறொரு நன்மையும் உண்டு. மேலிருந்து கீழ்நோக்கிச் சுடும்போது, குறி தவறிய குண்டு பெரும்பாலும் அருகிலேயே மண்ணில் புதைந்துவிடும். தரைமட்டமாகச் சுட்ட குண்டு தொலைவில் இருக்கும் ஒருவர் மீது பாயக்கூடும்.

வகைகள்

1. ஏணிப் பரண்

ஏணியும் அதன் உச்சியில் இருக்கையும் ஒன்றாக இணைந்தது இது. பல துண்டுகளாக வரும் ஏணியைப் பொருத்தி, நிமிர்த்தி, மரத்தில் சாய்த்து, பெல்ட்டுகளால் இறுகக் கட்டுவார்கள். உயரம் பொதுவாக 15 முதல் 20 அடி வரை, அதாவது ஏறத்தாழ 4.5 முதல் 6 மீட்டர் வரை இருக்கும். ஏறுவது எளிது, இருக்கை அகலமானது, சுற்றிலும் கைப்பிடிச் சட்டமும் இருக்கும். இருவர் அமரும் வகையும் கிடைக்கிறது. பிள்ளைகளுக்குப் பழக்குபவர்கள் அதை விரும்புகிறார்கள்.

குறை அதன் எடை. 20 கிலோவுக்குக் குறைந்த ஏணிப் பரண் அரிது. பல மாதிரிகள் அதைவிடக் கனமானவை. அன்றாடம் சுமந்து திரிய முடியாது. சொந்த நிலத்தில், பருவம் முழுவதும் ஒரே இடத்தில் விட்டுவைப்பவர்களுக்கே இது ஏற்றது.

ஆபத்து எப்போது? நிறுவும்போதும் கழற்றும்போதும். மரத்தோடு கட்டி முடிக்கும்வரை ஏணி எந்தப் பக்கமும் சரியலாம். எனவே மூன்று பேர் சேர்ந்தே இதை நிறுவ வேண்டும்: இருவர் ஏணியை மரத்தோடு அழுத்திப் பிடித்திருக்க, ஒருவர் ஏறிக் கட்டுவார்.

2. தொங்கு பரண்

'ஹேங்-ஆன்' என்றும் 'லாக்-ஆன்' என்றும் அழைக்கப்படுவது இது. சிறு கால்மேடையும் இருக்கையும் கொண்ட சட்டத்தை மரத்தோடு பெல்ட்டாலோ சங்கிலியாலோ இறுக்கிப் பிணைப்பார்கள். இதில் ஏணி இல்லை. ஏறுவதற்கு 'ஏறுகோல்' எனப்படும், படிகள் வைத்த குறுகிய கோல்கள் மூன்று நான்கை ஒன்றன் மேல் ஒன்றாக மரத்தில் கட்ட வேண்டும்.

கிளைகள் நிறைந்த மரத்திலும், சற்றே வளைந்த மரத்திலும் இதைப் பொருத்தலாம். பரண் மட்டும் ஏறத்தாழ 4 முதல் 9 கிலோ இருக்கும். ஏறுகோல்களின் எடை தனி. கிளைகளுக்கு நடுவே அமர்வதால் மறைவும் கிடைக்கும்.

ஆபத்து எப்போது? ஏறுகோலிலிருந்து மேடைக்குக் கால் மாற்றும் அந்த ஓர் அடியில். ஒரு கால் கோலில், மறு கால் மேடையில் இருக்கும்போது உடலின் எடை இரண்டுக்கும் நடுவே ஊசலாடும். எனவே மேடையை மேல் கோலின் உச்சிப் படியைவிடச் சற்றுத் தாழ்வாகக் கட்ட வேண்டும். மேடைக்கு இறங்கி வருவது பாதுகாப்பானது. எட்டி ஏறுவது அப்படியன்று.

3. ஏறு பரண்

இது இரண்டு பாகங்கள் கொண்டது. மேல் பாகம் இருக்கை. கீழ்ப் பாகம் கால்மேடை. ஒவ்வொன்றும் மரத்தைச் சுற்றி வளைக்கும் கம்பிவடத்தாலோ பெல்ட்டாலோ மரத்தைப் பற்றியிருக்கும். வேட்டையாளர் மேல் பாகத்தில் அமர்ந்து, கால்களால் கீழ்ப் பாகத்தைத் தூக்கி உயர்த்துவார். பிறகு கீழ்ப் பாகத்தில் எழுந்து நின்று மேல் பாகத்தை உயர்த்துவார். கம்பளிப்புழு நகர்வதைப் போல மாறி மாறி மேலே போகும்.

எடை ஏறும்போது பிடி ஏன் நழுவுவதில்லை? மேடை மரத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் வெளிமுனையில் எடை விழும்போது மேடை நெம்புகோலாகச் செயல்படுகிறது. மரத்தின் ஒரு பக்கம் மேடையின் பற்களும் மறுபக்கம் வடமும் மரத்தை நெருக்கிக் கவ்வுகின்றன. எடையை எடுத்துவிட்டால் பிடி தளர்கிறது. அப்போதுதான் நகர்த்த முடிகிறது.

ஏணியோ ஏறுகோலோ வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. ஆனால் மரம் தூண் போல நேராக, கீழ்க்கிளைகள் இல்லாமல் இருக்க வேண்டும். பல மாதிரிகள் சுமார் 20 முதல் 50 செ.மீ. விட்டமுள்ள மரங்களுக்கே பொருந்தும். ஜார்ஜியா, அலபாமா போன்ற தென் மாநிலங்களின் பைன் காடுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. செதில் செதிலாகப் பட்டை உரியும் ஹிக்கரி மரங்களிலும், பனி படிந்த வழுவழுப்பான மரங்களிலும் இதை நம்பக் கூடாது.

ஆபத்து எப்போது? ஏறி இறங்கும் நேரம் முழுவதும். மரம் மேலே போகப் போக மெலிவதால் வடம் தளர்ந்து மேடை முன்பக்கம் சாயும். அதனால் கீழே பொருத்தும்போதே மேடையின் வெளிமுனை சற்று மேல்நோக்கி இருக்குமாறு வைப்பார்கள். உச்சிக்குப் போனதும் அது சமமாகும். இரண்டு பாகங்களையும் ஒரு கயிற்றால் இணைத்தே வைக்க வேண்டும். இணைக்காவிட்டால், காலிலிருந்து நழுவிய கீழ்ப் பாகம் தரைக்குப் போய்விடும். ஏறியவர் இருக்கையோடு உயரத்திலேயே மாட்டிக்கொள்வார்.

4. சேணம்

குதிரைச் சேணம் அன்று. இடுப்பையும் தொடையையும் தாங்கும் துணித்தொட்டில் போன்ற இருக்கை. இதை அணிந்தபடியே வேட்டையாளர் ஏறுவார். உயரத்தை அடைந்ததும் மரத்தைச் சுற்றிய பிணைப்புக் கயிற்றில் சாய்ந்து, மரத்தை நோக்கிய நிலையில் இருப்பார். கால் வைக்க ஒரு சின்னத் தட்டு போதும். ஏறும்போது மின்கம்பத் தொழிலாளர் போல இடுப்பைச் சுற்றி ஒரு இடைக்கயிறு போட்டுக்கொள்வார்கள்.

சுமை மிகக் குறைவு. எந்த மரமும் பெரும்பாலும் ஏற்றதே. மரத்தைச் சுற்றி நகர்ந்து, அடிமரத்தின் பின்னால் மறையவும் முடியும். அண்மை ஆண்டுகளில், பொதுக்காடுகளில் தொலைவு நடப்பவர்களிடம் இது செல்வாக்குப் பெற்றுள்ளது. ஆனால் நீண்ட நேரம் இருந்தால் இடுப்பெலும்புப் பகுதி நெருக்கப்பட்டு வலிக்கும். வில்லை வளைத்து எய்யத் தனியே பழக வேண்டும்.

ஆபத்து எப்போது? கயிறு தளரும்போது. சேணம் உடலைத் தாங்கிப் பிடிப்பதற்காக அமைந்தது. நெடிய வீழ்ச்சியைத் தடுத்து நிறுத்துவதற்காக அன்று. பிணைப்புக் கயிறு எப்போதும் இறுக்கமாகவே இருக்க வேண்டும். இடைக்கயிற்றிலிருந்து பிணைப்புக் கயிற்றுக்கு மாறும்போது, புதியதை மாட்டிச் சோதித்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும்.

5. முக்காலிப் பரண்

மரமே தேவைப்படாத பரண் இது. மூன்று நீண்ட கால்களின் மேல், பெரும்பாலும் சுழலும் இருக்கை ஒன்று அமைந்திருக்கும். தென் டெக்சாஸின் முட்புதர்க் காடுகளில் மரங்கள் குட்டையானவை, கிளைகள் மெலிந்தவை. அங்கே மற்ற பரண்களுக்கு வேலையில்லை, முக்காலிதான் உதவும்.

ஆபத்து எப்போது? நிலம் சமமாக இல்லாதபோதும் பலத்த காற்றிலும். கால்களைத் தரையில் முளையடித்துக் கட்டாவிட்டால், ஏறியவர் ஒரு பக்கம் சாயும்போது பரணும் சாயும்.

தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை

மரம்: வாங்குவதற்கு முன் காட்டைப் பார்க்க வேண்டும். நேரான, கிளையற்ற மரங்கள் என்றால் ஏறு பரண். கிளை நிறைந்த ஓக் போன்றவை என்றால் தொங்கு பரண் அல்லது சேணம். மரமே இல்லை என்றால் முக்காலி. எந்த வகையாக இருந்தாலும் பட்டுப்போன மரம், உள்ளே பொந்து விழுந்த மரம், சாய்ந்த மரம் ஆகியவை கூடாது.

தூரம்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து 100 மீட்டர் நடப்பவருக்கு எடை பொருட்டில்லை. 2 கிலோமீட்டர் மேடும் பள்ளமும் கடந்து போகிறவர் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் அவரைக் களைப்பாக்கும். களைத்தவர் மரத்தில் ஏறுவது தனி ஆபத்து.

உடல்: ஏறு பரணுக்கு வயிற்றிலும் தொடையிலும் வலு வேண்டும். முழங்கால் வலி, தலைச்சுற்றல், இதயநோய் உள்ளவர்கள் உயரத்தையே தவிர்ப்பது நல்லது. தரையில் அமைக்கும் மறைவுக் கூடாரம் அவர்களுக்கு ஏற்றது. பரண்களோடு ஒப்பிட்டால் அது தாழ்ந்த வழி அல்ல. அதில் விழும் ஆபத்தே இல்லை.

எடை வரம்பு: பெரும்பாலான ஒற்றைப் பரண்கள் 300 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 136 கிலோ வரை தாங்குமெனக் குறிக்கப்பட்டிருக்கும். இந்த வரம்பு உடல் எடையை மட்டும் குறிப்பதல்ல. குளிர்கால உடை, காலணி, பை, வில் அல்லது துப்பாக்கி எல்லாம் இதில் அடங்கும். பரண் தயாரிப்பாளர்களின் சங்கமான 'ட்ரீஸ்டாண்ட் மேனுஃபேக்சரர்ஸ் அசோசியேஷன்' தர முத்திரை வழங்குகிறது. வாங்குபவர் அந்த முத்திரையைத் தேடிப் பார்க்க வேண்டும்.

நிலத்தின் சட்டம்: விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல பொதுக்காடுகளில் ஆணி, திருகாணி எதையும் மரத்தில் அடிக்கக் கூடாது. பரணில் உரிமையாளரின் அடையாளம் இருக்க வேண்டும். குறித்த நாளுக்குள், சில இடங்களில் அன்றன்றே, அதைக் கழற்றிவிட வேண்டும். தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் மரத்தில் ஆணி அடிப்பது மட்டுமல்ல, யாரோ ஆணி அடித்து வைத்த மரத்தில் அமர்ந்து வேட்டையாடுவதும் குற்றம். அன்றாடம் கழற்ற வேண்டிய இடத்துக்கு ஏணிப் பரண் வாங்குவது வீண் செலவு.

சுருக்கமாக ஒப்பிட்டால்:

• சொந்த நிலம், குறைந்த நடை, புதியவர் – ஏணிப் பரண்
• கிளை நிறைந்த மரங்கள், சில நாள் ஒரே இடம் – தொங்கு பரண்
• நேரான மரங்கள், அன்றாடம் இடமாற்றம் – ஏறு பரண்
• நீண்ட நடை, எந்த மரமும், பயிற்சி உள்ளவர் – சேணம்
• மரமற்ற புதர்நிலம் – முக்காலிப் பரண்
• ஏற இயலாதவர் – தரைக் கூடாரம்

எவ்வளவு உயரம் வேண்டும்?

உயரம் கூடக் கூட வேட்டை சிறக்கும் என்பது தவறான எண்ணம். கோணத்தைக் கணக்கிட்டால் இது விளங்கும். மேடை 6 மீட்டர் உயரத்தில் இருந்து, மான் மரத்தடியிலிருந்து 18 மீட்டர் தள்ளி நின்றால் அம்பு கீழ்நோக்கிச் செல்லும் கோணம் ஏறத்தாழ 18 பாகை. அதே மான் 9 மீட்டரில் நின்றால் ஏறத்தாழ 34 பாகை. மேடையை 9 மீட்டருக்கு உயர்த்திவிட்டால், 9 மீட்டரில் நிற்கும் மானுக்குக் கோணம் 45 பாகை ஆகிவிடும்.

கோணம் செங்குத்தாக ஆக ஆக, அம்பு இரண்டு நுரையீரல்களையும் துளைத்துச் செல்லும் வாய்ப்புக் குறைகிறது. ஒரு நுரையீரலில் மட்டும் காயம்பட்ட மான் வெகுதூரம் ஓடி, எங்கோ துன்பப்பட்டுச் சாகும். உடனடியாக உயிர் பிரியாத அம்பை எய்யக் கூடாது என்பது வேட்டையாளர்களின் அறம். பலர் 15 முதல் 20 அடியோடு நிறுத்திக்கொள்வதற்கு இந்த அறமும் ஒரு காரணம். மற்றொரு காரணம் விழும் ஆபத்து.

வீழ்ச்சியின் கணக்கு

பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். காற்றின் தடையை விட்டுவிட்டால், 6 மீட்டர் உயரத்திலிருந்து விழுபவர் தரையைத் தொட ஏறத்தாழ 1.1 நொடி ஆகும். அப்போது அவருடைய வேகம் நொடிக்கு ஏறத்தாழ 10.8 மீட்டர், அதாவது மணிக்கு 39 கிலோமீட்டர். 4.5 மீட்டரிலிருந்து விழுந்தாலும் மணிக்கு 34 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். தலைக்கவசம் இல்லாமல் இரு சக்கர வண்டியில் அதே வேகத்தில் போய்ச் சுவரில் மோதுவதற்கு இது ஒப்பாகும். ஒரு நொடிக்குள் கிளையைத் தாவிப் பிடித்துவிடலாம் என்று யாரும் நம்பக் கூடாது. முதுகெலும்பு முறிவும் வாழ்நாள் முழுவதற்குமான முடக்கமும் இத்தகைய வீழ்ச்சியால் ஏற்படுகின்றன.

முழு உடல் கச்சை

'ஹார்னெஸ்' எனப்படும் முழு உடல் கச்சை தோள், மார்பு, தொடை ஆகிய மூன்றையும் பற்றுவது. முன்பு இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் பயன்பட்டது. விழுந்தால் அது மேலேறி மார்பை நெருக்கி மூச்சை அடைக்கும். அல்லது உடல் தலைகீழாகி நழுவிவிடும். அதனால் இன்று முழு உடல் கச்சையையே பயன்படுத்த வேண்டும் என்று வேட்டைப் பயிற்சி வகுப்புகளில் கற்பிக்கிறார்கள்.

கச்சை அணிவது மட்டும் போதாது. அதை மரத்தோடு எப்போது இணைக்கிறோம் என்பது முக்கியம். மேலே போய் அமர்ந்த பிறகு மாட்டிக்கொள்வது பலருடைய பழக்கம். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் மேடைக்குக் கால் மாற்றும்போதும்தான் விழுவதற்கு வாய்ப்பு மிகுதி. கால் தரையை விட்டு எழும் முன்பே இணைப்பு இருக்க வேண்டும். கால் தரையைத் தொட்ட பின்பே அதைக் கழற்ற வேண்டும்.

இதற்கு உதவுவது உயிர்க்கயிறு. பரணுக்கு மேலே மரத்தில் கட்டி, தரைவரை தொங்கவிடும் கயிறு இது. அதில் புரூசிக் முடிச்சு ஒன்று ஓடும். ஆஸ்திரிய மலையேற்ற வீரர் கார்ல் புரூசிக்கின் பெயரால் வழங்கும் இந்த முடிச்சைக் கையால் தள்ளினால் நகரும். எடை விழுந்தால் இறுகி நின்றுவிடும். ஏணிப் பரணுக்கும் தொங்கு பரணுக்கும் இது பொருந்தும். ஆனால் முதல் முறை ஏறி நிறுவும்போது உயிர்க்கயிறு மேலே இருக்காது. அப்போது இடைக்கயிறு வேண்டும். ஏறு பரணில், கச்சையை மரத்தோடு பிணைக்கும் பெல்ட்டைப் படிப்படியாகத் தலைக்கு மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும்.

மேலே அமர்ந்தபின் பிணைப்புக் கயிறு தலைமட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். அமர்ந்த நிலையில் அது தொய்யக் கூடாது. 30 செ.மீ. தொய்வில் விழுவதைவிட 1 மீட்டர் தொய்வில் விழும்போது கச்சை தாங்க வேண்டிய ஆற்றல் மூன்று மடங்குக்கும் மேல்.

விழுந்து கச்சையில் தொங்குபவரும் முழுவதும் தப்பிவிட்டதாகக் கொள்ள முடியாது. தொடை வார்கள் அழுத்துவதாலும் கால்கள் அசையாமல் தொங்குவதாலும் இரத்தம் கால்களிலேயே தேங்கும். நேரம் செல்லச் செல்ல மயக்கமும் மரணமும் நேரலாம். கால் ஊன்றி எழுவதற்கான வளையப் பட்டை ஒன்று கச்சையோடு இருக்க வேண்டும். கைப்பேசி பையில் இருந்து பயனில்லை; கை எட்டும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். எந்த மரம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

வில்லையோ துப்பாக்கியையோ தூக்கிக்கொண்டு ஏறக் கூடாது. இரண்டு கை இரண்டு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்க வேண்டும் என்பது விதி. மேலே சென்று கச்சையை மாட்டிய பிறகு, கீழே கட்டி வைத்த கருவியைக் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது.

பராமரிப்பு

எஃகும் அலுமினியமும் நீண்ட நாள் நிலைக்கும், பெல்ட்டுகள் அப்படியல்ல. வெயிலின் புற ஊதாக் கதிர் நைலானை நைந்துபோகச் செய்யும். அணில்கள் கொறிக்கும். ஆண்டுக்கணக்கில் மரத்திலேயே விட்டுவைத்தால், மரம் பருத்து பெல்ட்டை உள்ளிருந்து இழுத்து விறைப்பாக்கும், ஒருநாள் அறுந்துபோகும். எனவே பருவம் முடிந்ததும் கழற்றி உள்ளே வைக்க வேண்டும். அடுத்த பருவத்திற்கு முன் பெல்ட், கம்பிவடம், போல்ட், நட்டு, பற்றவைத்த இடங்கள் அனைத்தையும் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் குறித்த காலம் கடந்த கச்சையையும், ஒருமுறை வீழ்ச்சியைத் தாங்கிய கச்சையையும் மீண்டும் அணியக் கூடாது. மற்றவர் பயன்படுத்திய பரணை மலிவாக வாங்கினாலும் பெல்ட்டுகளைப் புதிதாக மாற்றிவிட வேண்டும்.

புதிய பரணை முதல் நாளே 20 அடி உயரத்தில் சோதிக்க வேண்டாம். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், பகல் வெளிச்சத்தில், உடன் ஒருவரை வைத்துக்கொண்டு பலமுறை ஏறி இறங்கிப் பழக வேண்டும். வேட்டைக்குச் செல்வதோ பெரும்பாலும் விடியலுக்கு முந்திய இருளில். இருட்டிலும் கை தானாகக் கொக்கியைத் தேடும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும்.

இந்தியாவில்

மேலே கூறியவை வட அமெரிக்கச் சூழலுக்கு உரியவை. அங்கே உரிமம் பெற்று, குறித்த பருவத்தில், குறித்த எண்ணிக்கையில் மானை வேட்டையாடுவது சட்டத்துக்கு உட்பட்டது. துப்பாக்கி, தோட்டா, வில், அம்பு ஆகியவற்றின் மீதான வரியின் ஒரு பகுதி, 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டத்தின் வழியே மாநிலங்களின் வனவிலங்குப் பணிகளுக்குச் செல்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி புள்ளிமான், கடமான் உள்ளிட்ட விலங்குகளை வேட்டையாடுவது தண்டனைக்குரிய குற்றம்.

ஆனால் பரண் நம்மிடமிருந்து மறைந்துவிடவில்லை. மலையடிவார ஊர்களில் யானையிடமிருந்தும் காட்டுப்பன்றியிடமிருந்தும் பயிரைக் காக்க உழவர்கள் இன்றும் மரத்தில் பரண் கட்டி இரவில் விழித்திருக்கிறார்கள். வேட்டைக்கான பரண் வகைகள் அவர்களுக்குத் தேவையில்லை. ஆனால் நல்ல மரத்தைத் தெரிவது, மேடைக்கு மேலிருந்து இறங்கி வருவது, மூன்று பிடிப்பு விடாமல் ஏறுவது, தரையிலிருந்தே கயிற்றில் இணைந்திருப்பது ஆகிய நான்கும் அவர்களுக்கும் பொருந்தும். மரத்தின் மேல் தூங்கி விழும் ஆபத்து, மானுக்காகக் காத்திருப்பவரைவிட இரவெல்லாம் தினையும் வாழையும் காப்பவருக்கே அதிகம்.